முகப்பருக் குழிக்கு எந்த லேசர்? சுங்கை சிப்புட் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பரு வடுவைப் பற்றிப் பேச்செடுத்தால் இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறோம். வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டே போகும். ஈப்போ கிளினிக்குக்கு முன்பணம் கட்டிவிட்டுப் படிப்பதைவிட, கட்டும் முன் படிப்பது நல்லது.

என் கன்னத்துல இருக்கிறது வடுவா, இல்ல வெறும் கறுப்பா?

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசி டார்ச்சைக் காதோரம் பிடியுங்கள். வெளிச்சம் கன்னத்தின் மேல் பக்கவாட்டில் விழ வேண்டும். கண்ணாடியில் பார்க்கும்போது நிழல் கட்டுகிற இடம் குழி. நிழல் இல்லாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால் அது பரு ஆறியபின் தங்கிய கறை. விரலால் தடவினால் கறை வழவழவென்று இருக்கும், குழி தட்டுப்படும்.

கறை என்றால், கீழே சொல்லப்போகும் குழி லேசர் தேவையில்லை. வெயிலிலிருந்து காத்தால் பெரும்பாலும் சில மாதங்களில் தானே மங்கும். அசெலாயிக் ஆசிட், ட்ரெட்டினோயின் போன்ற கிரீம்கள் அதை விரைவுபடுத்தும். குழி அப்படித் தானாக நிரம்பாது. குழி என்று நினைத்து வருகிற பலருக்கு இருப்பது கறைதான், அதனால் இந்தச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள்.

குழின்னா குழிதானே, அதுல என்ன வகை?

மூன்று வகை உண்டு. எந்தச் சிகிச்சை என்பதை மெஷினின் பெயரைவிட இந்த வகைதான் தீர்மானிக்கிறது. முதலாவது ஊசிக்குழி. டாக்டர்கள் ஐஸ்பிக் என்பார்கள். வாய் 2 மி.மீ.க்கும் குறைவு, ஆனால் ஆழம் அதிகம், பெரிய துவாரம் போலத் தெரியும். இரண்டாவது பெட்டிக்குழி, அதாவது பாக்ஸ்கார். அம்மைத் தழும்பு மாதிரி விளிம்பு வெட்டினாற்போல் நிற்கும். மூன்றாவது அலைக்குழி, அதாவது ரோலிங். 4, 5 மி.மீ. அகலத்தில் விளிம்பில்லாமல் கன்னம் மேடும் பள்ளமுமாகத் தெரியும்.

டார்ச் வெளிச்சத்திலேயே இரண்டு விரலால் தோலை மெல்ல இழுத்துப் பாருங்கள். இழுத்ததும் மறைவது பெரும்பாலும் அலைக்குழி. தோலுக்கு அடியில் நார் போன்ற திசு அதைக் கீழே கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறது. இழுத்தாலும் மறையாதது மற்ற இரண்டில் ஒன்று. ஒரே முகத்தில் மூன்றும் கலந்திருப்பது சாதாரணம்.

லேசர்னா சுடுறதுதானே? சுட்டா எப்படிக் குழி நிரம்பும்?

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். பட்டையை மெல்லிசாகச் சீவினால் மரம் புதுப்பட்டை வளர்த்துக்கொள்ளும். கத்தி உள்மரம் வரை இறங்கினால் அந்த இடம் முண்டு கட்டிவிடும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. தோலும் அப்படித்தான். அளவாகக் காயப்படுத்தினால் அடித்தோல் புதிய கொலாஜன் நாரை உண்டாக்கிக் குழியை மேலே தள்ளும். அளவு மீறினால் லேசரே புது வடு போட்டுவிடும்.

பழைய லேசர்கள் முழுத் தோலையும் சீவின. ஆறுவதற்கு வாரக்கணக்கு ஆகும், நிறம் போவதும் நடந்தது. 2004இல் டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் குழுவினர் வெளியிட்ட முறைதான் ‘பிராக்ஷனல்’. இடியாப்ப அச்சு போல நுண்ணிய புள்ளிகளில் மட்டும் ஒளி இறங்கும், நடுவில் உள்ள நல்ல தோல் தொடப்படாது. அந்த நல்ல தோலிலிருந்துதான் காயம் சீக்கிரம் மூடுகிறது. இன்று குழிக்குச் செய்யும் லேசர்களில் அநேகமாக எல்லாமே இந்த வழிதான்.

சி.ஓ.2, எர்பியம், பிராக்சல், பிக்கோ… இதுல எதுதான் பெஸ்ட்?

சி.ஓ.2 என்பது கார்பன் டை ஆக்சைடு லேசர், அலைநீளம் 10,600 நானோமீட்டர். தோலில் உள்ள தண்ணீர் அதை உறிஞ்சி ஆவியாகும், துளை விழும், துளையைச் சுற்றிச் சூடும் பரவும். அந்தச் சூடுதான் தோலை இறுக்குகிறது, பக்கவிளைவுக்கும் காரணம் அதுவே. பெட்டிக்குழிக்கு வலுவான கருவி. வழக்கமாக 1 முதல் 3 அமர்வு, நடுவில் குறைந்தது 6 முதல் 8 வாரம். ஒரு வாரம் முகம் பொருக்குத் தட்டியிருக்கும், சிவப்பு இன்னும் சில வாரம் நிற்கும்.

எர்பியம் யாக், 2,940 நானோமீட்டர். இந்த ஒளியைத் தண்ணீர் சி.ஓ.2வைவிடப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும். அதனால் சீவல் துல்லியமாக இருக்கும், மீதிச் சூடு குறைவு. ஆறுவதும் ஓரிரு நாள் முந்தி. சூடு குறைவதால் தோல் இறுக்கமும் கொஞ்சம் குறைவு, சிறு இரத்தப் புள்ளிகள் கூடுதல். கறுத்த தோலுக்குத் துளையிடும் லேசர்தான் வேண்டும் என்றால் சி.ஓ.2வுக்கு முன் இதைப் பற்றிக் கேளுங்கள்.

பிராக்சல் ஒரு வணிகப் பெயர். எல்லா பிராக்ஷனலையும் நம் ஊரில் அப்படியே கூப்பிடுகிறார்கள், குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. குழிக்கு அந்தப் பெயரில் வழக்கமாகப் பேசப்படுவது 1,550 நானோமீட்டர் எர்பியம் கண்ணாடி லேசர். மேல்தோல் துளையாகாது, உள்ளே சூட்டுத் தூண்கள் மட்டும் உண்டாகும். 2, 3 நாள் சிவப்பும் வீக்கமும் இருக்கும், பிறகு தோல் கொஞ்சம் பழுப்பாகி உதிரும். 4 முதல் 6 அமர்வு வேண்டும். மெதுவான முறைதான், ஆனால் நம் நிறத்துக்கு ஒத்துப்போவது.

பிக்கோ லேசர் ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் துடிக்கும். 755 அல்லது 1,064 நானோமீட்டர் ஒளியைப் பல புள்ளிகளாகப் பிரிக்கும் லென்ஸ் மாட்டினால்தான் அது குழிக்கு வேலை செய்யும். லென்ஸ் இல்லாமல் அடிப்பது கறைக்கும், பச்சை குத்தியதை அழிப்பதற்கும். முகம் ஓரிரு நாளில் தேறிவிடும். ஆழமில்லாத குழிக்கு நல்ல பலன் தரும், ஆழமான பெட்டிக்குழியில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ‘பிக்கோ செஞ்சேன், ஒண்ணும் ஆகலை’ என்பவர்களுக்கு எந்த லென்ஸ் போட்டார்கள் என்றே தெரிந்திருப்பதில்லை.

ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால்: செம்பனைத் தோட்டத்தில் வெயிலில் வேலை செய்யும் கறுத்த தோல்காரருக்கு 1,550 அல்லது லென்ஸ் மாட்டிய பிக்கோவில் தொடங்குவதுதான் எங்கள் யோசனை. வலுவான லேசரை எப்போது வேண்டுமானாலும் பிறகு சேர்க்கலாம், போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

ஊசிக்குழிக்கும் அலைக்குழிக்கும் எந்த லேசர்னு சொல்லவே இல்லையே?

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. ஊசிக்குழியின் அடிவரை லேசர் போய்ச் சேருவது கடினம். அதற்கு ‘கிராஸ்’ முறை: பல்குச்சி முனை போன்ற மெல்லிய முனையால் குழிக்குள் மட்டும் அடர்த்தியான டி.சி.ஏ. அமிலம் வைப்பார்கள். சில வினாடியில் அந்தப் புள்ளி வெள்ளையாகும், பிறகு பொருக்காகி உதிரும். பல தடவை செய்ய வேண்டும். இந்த அமிலம் இணையத்தில் சின்னப் புட்டியில் கிடைக்கிறது. வீட்டில் தொட வேண்டாம், குழிக்கு வெளியே ஒரு சொட்டு வழிந்தால் அங்கே புது வடு.

அலைக்குழியில் அடியிலுள்ள நாரை அறுக்காமல் மேலே எத்தனை லேசர் அடித்தாலும் பள்ளம் பள்ளமாகவே இருக்கும். ஊசியையோ மொட்டை முனைக் குழாயையோ தோலுக்கு அடியில் விட்டு அந்த நாரை அறுப்பதற்கு ‘சப்சிஷன்’ என்று பெயர். ஒரு வாரம் கன்னம் கன்றிப்போய் நீலமாகத் தெரியும். நார் அறுந்த பிறகு லேசர் செய்தால் பலன் தெரியும். இந்த இரண்டையும் செய்யாத இடம் எல்லா முகத்துக்கும் தன்னிடம் உள்ள ஒரே மெஷினைத்தான் சிபாரிசு செய்யும்.

ஊசி வச்ச மெஷின் ஒண்ணு இருக்காமே, அதுவும் லேசரா?

இல்லை. அது ஆர்.எஃப். மைக்ரோநீட்லிங். நுண் ஊசிகள் தோலுக்குள் போய் நுனியில் ரேடியோ அலைச் சூட்டை விடும். ஊசியின் மேல்பகுதி உறையிட்டிருந்தால் நிறமிருக்கும் மேல்தோலில் சூடு படாது. அதனால் கறுத்த தோலில் கறை விழும் ஆபத்து துளையிடும் லேசரைவிடக் குறைவு. 3, 4 அமர்வு, நடுவில் 4 முதல் 6 வாரம். ஆழத்தைக் கண்மூடித்தனமாகக் கூட்டினால் தோலடிக் கொழுப்பு கரைந்து கன்னம் ஒட்டிப்போகும். ‘லேசர் இல்லையே, யார் செய்தாலும் சரி’ என்று நினைக்க வேண்டாம்.

நம்ம கலருக்கு லேசரே ஆகாதுன்னு சொல்றாங்களே?

ஆகும், ஆனால் அமைப்பு வேறு. தோல் நிறத்தை 1 முதல் 6 வரை பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் கணக்கில் நம்மில் பெரும்பாலோர் 4, 5, 6. எந்தக் காயமும் கறுத்து ஆறும் தோல் இது. கொசு கடித்த இடமே மாதக்கணக்கில் தெரிகிறதல்லவா? லேசரும் ஒரு காயம்தான்.

பிராக்ஷனலில் கறை விழுவதற்குப் பெரிய காரணம் புள்ளிகளின் நெருக்கம். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு ஆழம் போகிறது என்பதைவிட, புள்ளிகள் எவ்வளவு அடர்த்தி என்பதுதான் மொத்தச் சூட்டைக் கூட்டும். ஆகவே நம் தோலுக்கு அடர்த்தியைக் குறைத்து, அமர்வுகளைக் கூட்டி, இடைவெளியை நீட்டுவார்கள். ‘என் தோலுக்கு டென்சிட்டி எவ்வளவு வைப்பீர்கள், காதுக்கு முன்னால் ஒரு சோதனைப் புள்ளி அடிப்பீர்களா?’ என்று கேளுங்கள். சோதனைப் புள்ளி அடித்தால் 4 வாரமாவது பொறுத்துப் பார்க்க வேண்டும், கறை உடனே வராது.

இன்னும் பரு வந்துக்கிட்டு இருக்கு. குழியை இப்பவே சரி பண்ணிடலாமா?

கூரை ஒழுகும்போது சுவருக்குச் சாயம் அடித்த கதையாகிவிடும். புதுப் பரு புதுக் குழி போடும், கட்டிய காசு வீண். முதலில் பருவை நிறுத்துங்கள். அதற்கு அரசாங்க கிளினிக்கில் குடிமக்கள் 1 வெள்ளிக்கே (ரிங்கிட்) டாக்டரைப் பார்க்கலாம். கடுமையான பருவாக இருந்தால் தோல் நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார்கள். புதுப் பரு சில மாதமாவது நின்றிருக்க வேண்டும்.

நிபுணர் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை கொடுத்திருந்தால் லேசர் டாக்டரிடம் மறைக்காதீர்கள். மாத்திரை நிறுத்தி 6 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. அமெரிக்கச் சரும அறுவைச் சிகிச்சைச் சங்கம் 2017இல் அதைத் தளர்த்தியது: துளையிடாத லேசருக்கு அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை, முழுத் தோலைச் சீவும் முறைகளுக்கு மட்டும் தள்ளிப்போடலாம் என்றது. சில டாக்டர்கள் இன்னும் 6 மாதம் கேட்பார்கள், அது அவர்களுடைய எச்சரிக்கை. பெண்கள் கவனிக்க: அந்த மாத்திரை கருவைக் கடுமையாகப் பாதிக்கும். சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் கூடாது.

பசார் மாலாம் கிரீம் பூசிக்கிட்டிருந்தேன். அதைச் சொல்லணுமா?

கட்டாயம். இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கும் ‘ஒரே வாரத்தில் வெள்ளை’ வகையறாக்களில் பாதரசம், ஹைட்ரோகுயினோன், வலுவான ஸ்டீராய்டு ஆகியவை பிடிபட்டிருக்கின்றன. தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இப்படிப்பட்டவற்றின் அனுமதியை ரத்து செய்து அறிவிப்பதும் உண்டு. ஸ்டீராய்டு பழகிய தோல் மெலிந்திருக்கும், லேசர் பட்டால் எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்க முடியாது. டப்பாவையே எடுத்துக்கொண்டு போங்கள்.

வலிக்குமா? மரத்துப்போற கிரீமை வீட்லயே பூசிட்டுப் போகலாமா?

சூடான எண்ணெய் தெறித்தாற்போல் சுருக் சுருக்கென்று இருக்கும். சி.ஓ.2வில் முடி கருகும் வாடையும் வரும், பயப்பட வேண்டாம். லிடோகெயினும் பிரிலோகெயினும் கலந்த மரப்பு கிரீமை 45 முதல் 60 நிமிடம் பூசி வைப்பார்கள்.

வீட்டில் பூசாதீர்கள். அளவு மிஞ்சினால் பிரிலோகெயின் இரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைத் தடுக்கும், உதடு நீலம் பூக்கும். ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். மலேசியாவில் பிறக்கும் பிள்ளைகளுக்கு அதைச் சோதிக்கிறார்கள். உங்கள் குழந்தைப்பருவச் சுகாதாரப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், அல்லது அம்மாவைக் கேளுங்கள். குறை இருந்தால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள், பிரிலோகெயின் இல்லாத கிரீம் இருக்கிறது. உதட்டோரம் அடிக்கடி காய்ச்சல் கொப்புளம் வருபவர்களும் சொல்ல வேண்டும். அதைத் தடுக்கும் வைரஸ் மாத்திரையை முன்கூட்டியே தொடங்குவார்கள்.

செஞ்ச பிறகு முதல் வாரம் எப்படி இருக்கும்?

சி.ஓ.2வை வைத்துச் சொல்கிறோம், மற்றவை இதைவிட லேசு. முதல் நாள் வெயிலில் காய்ந்தாற்போல் எரியும், நீர் கசியும். இரண்டாம் நாள் வீக்கம் உச்சம், கண்ணோரம் கூட வீங்கும். மூன்றாம் நாள் காப்பித்தூள் தூவினாற்போல் பழுப்புப் புள்ளி வரிசை தெரியும், தடவினால் ரவை போல நரநரக்கும். ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் அது தானாக உதிரும். நகத்தால் உரித்தால் அங்கே கறை நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்ந்த சுத்தமான தண்ணீரால் மெல்லக் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசனையில்லாத வாசலினை மெல்லிசாகப் பூசுங்கள். காய விடாமல் ஒரு நாளைக்கு 4, 5 தடவை. மஞ்சள், சந்தனம், கற்றாழைச் சோறு, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். சமையலறைப் பொருள் நல்ல தோலுக்குச் சரி, திறந்த புண்ணுக்குக் கிருமியைக் கொண்டு வரும். இரண்டாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடினாலோ, சீழ் வந்தாலோ, கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே செய்த டாக்டரைப் பாருங்கள்.

செம்பனை வெட்டுற வேலை. எத்தனை நாள் லீவு போடணும்?

சி.ஓ.2வுக்கு 7 முதல் 10 நாள், எர்பியத்துக்கு ஒரு வாரம், 1,550க்கும் ஊசி மெஷினுக்கும் 3, 4 நாள், பிக்கோவுக்கு 2 நாள். இது புண் ஆறும் கணக்கு மட்டும். மட்டைத் தூசி, உரம், களைக்கொல்லி எல்லாம் புண்ணில் படக்கூடாது. மருந்தடிக்கும் வேலை என்றால் மண்டோரிடம் சொல்லி இரண்டு வாரம் மாற்று வேலை கேளுங்கள்.

வெயில் கணக்கு நீளமானது: செய்வதற்கு 4 வாரம் முன்பும் செய்தபின் குறைந்தது 3 மாதமும். புண் மூடியபின் எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீள அளவு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இரும்பு ஆக்சைடு கலந்த நிறச் சன்ஸ்கிரீன் நமக்கு இன்னும் மேல், கறையைக் கூட்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது தடுக்கும். வியர்வை வழியும் வேலையில் கிரீம் மட்டும் நிற்காது. அகல விளிம்புத் தொப்பியும் வேண்டும். மோட்டாரில் போகிறவர்கள் தலைக்கவசத்தின் உள்பஞ்சைத் துவைத்துப் போடுங்கள், கன்னத்தில் உரசுவது அதுதான்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கணும், மூணு மாசத்துல தங்கச்சி கல்யாணம். எப்பச் செய்யலாம்?

பால்குடம் எடுத்து முடித்த பிறகு தொடங்குங்கள். நடுவெயிலில் மணிக்கணக்காக நடப்பது, வேர்வை, முகத்தில் வழியும் திருநீறு எல்லாம் புதுத் தோலுக்கு ஆகாது. கன்னத்தில் அலகு குத்துகிறவர்கள் அந்தப் புண் நன்றாக ஆறும்வரை பொறுக்க வேண்டும். கல்யாணத்துக்கு 3 மாதம்தான் என்றால் சி.ஓ.2 வேண்டாம், கறை விழுந்தால் மங்க நேரமில்லை. பிக்கோ இரண்டு அமர்வு போதும், கடைசி அமர்வுக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் 4 வாரம் விடுங்கள்.

மொத்தம் எவ்வளவு வெள்ளி ஆகும்?

ஓர் அமர்வின் விலையை ஒப்பிடாதீர்கள், முழுக் கணக்கை ஒப்பிடுங்கள். 500 வெள்ளி அமர்வு ஆறு என்றால் 3,000. 1,200 வெள்ளி அமர்வு இரண்டு என்றால் 2,400, ஆனால் இரண்டு தடவையும் ஒரு வாரச் சம்பளம் போகும். டாக்டர் கட்டணம், மரப்பு கிரீம், மருந்து, மறுபார்வை எல்லாம் அதில் அடக்கமா என்று கேளுங்கள். பத்து அமர்வு பேக்கேஜை முதல் நாளே வாங்க வேண்டாம். ஒன்று செய்து, தோல் எப்படி ஆறுகிறது என்று பார்த்த பிறகு கட்டுங்கள்.

பியூட்டி சலூன்ல பாதி விலைக்கே செய்றாங்க. மெஷின் ஒண்ணுதானே?

மெஷின் ஒன்றாகவே இருந்தாலும் நடுவில் கொப்புளம் வந்தால் என்ன செய்வது என்று தெரிந்தவர் அங்கே இல்லை. மலேசியாவில் தோல் அழகுக்கான லேசர் ஒரு மருத்துவச் சிகிச்சை. பதிவு பெற்ற டாக்டர்தான் செய்யலாம், அவர் பொது டாக்டர் என்றால் அழகுச் சிகிச்சை செய்ய அனுமதிக்கும் சுகாதார அமைச்சின் எல்.சி.பி. என்ற சான்றும் இருக்க வேண்டும். இடம் 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின்கீழ் பதிவாகியிருக்க வேண்டும். டாக்டரின் முழுப் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. சுவரில் மாட்டிய அழகுக்கலைப் பயிற்சிச் சான்றிதழ் கணக்கில் வராது.

செஞ்சு மூணு வாரம் கழிச்சு முகம் கறுத்துப்போச்சு. சுட்டுட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. நம் தோலில் 2 முதல் 4 வாரத்தில் வரும் கறை இது, முதல் கேள்வியில் சொன்ன பருக் கறையின் உறவுதான். வெயிலை விலக்கி, டாக்டர் எழுதிக்கொடுக்கும் கிரீமைப் பூசினால் சில மாதத்தில் மங்கும். அது மங்கும்வரை அடுத்த அமர்வு வேண்டாம். ‘கறுப்பை எடுக்க இன்னொரு லேசர்’ என்று உடனே சொன்னால் மறுத்துவிடுங்கள். வெள்ளையாகத் திட்டு விழுந்தால் விஷயம் வேறு. அது மாதங்கள் கழித்தும் வரலாம், நிலைத்தும் விடலாம், தோல் நிபுணரிடம் போங்கள்.

தாடையிலயும் நெஞ்சுலயும் குழி இல்ல, தடிப்பா எழும்பி இருக்கு. அதுக்கும் இதே லேசரா?

கூடாது. அது மேடு வடு, பருவின் எல்லையைத் தாண்டி வளர்ந்தால் கீலாய்டு. துளையிடும் லேசர் மட்டும் அடித்தால் இன்னும் பெரிதாக வளரக்கூடும். அதற்கு முதலில் ஸ்டீராய்டு ஊசி, சிலிக்கோன் தகடு. சிவந்திருந்தால் இரத்தக் குழாயைக் குறிவைக்கும் 595 நானோமீட்டர் லேசரும் உதவும். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ இப்படி வளர்ந்த அனுபவம் இருந்தால், கன்னக் குழிக்குப் போகும்போதும் அதைச் சொல்லுங்கள்.

ரெண்டு தடவை செஞ்சாச்சு, ஒரு மாற்றமும் தெரியலையே?

கடைசி அமர்வு முடிந்து 3 மாதம் ஆகவில்லை என்றால் இன்னும் கணக்குப் பார்க்க வேண்டாம், கொலாஜன் 6 மாதம் வரை உருவாகிக்கொண்டிருக்கும். முதல் சில நாள் தோல் தட்டையாகத் தெரிந்தது வீக்கத்தால்தான். வீக்கம் வடிந்ததும் குழி திரும்பி வந்தாற்போல் தோன்றும். முழுக்க மறைவது அபூர்வம், குழி ஆழம் பாதி குறைந்தாலே நல்ல பலன்.

கண்ணாடியை நம்பாமல் படத்தை நம்புங்கள். தொடங்கும் முன் அதே அறை, அதே டார்ச், அதே பக்கவாட்டு வெளிச்சத்தில் இரண்டு கன்னத்தையும் எடுத்து வையுங்கள், அழகூட்டும் ஆப் எதுவும் வேண்டாம். 6 மாதம் கழித்து எடுத்த படத்திலும் நிழல் அப்படியே இருந்தால் தோலை இழுத்துப் பார்க்கும் சோதனையை மறுபடி செய்யுங்கள். இழுத்ததும் பள்ளம் மறைகிறதென்றால் நார் இன்னும் அறுபடவில்லை. மூன்றாவது லேசருக்குப் பணம் கட்டும் முன் சப்சிஷன் செய்கிற டாக்டரிடம் அந்தப் படங்களைக் காட்டுங்கள்.